புல்லைப் பற்றி முதலில்

அந்தப் புல் பாயைப் போலச் சுருட்டப்பட்டு லாரியில் வந்ததாம். பாலைவனத்தின் நடுவே எழுப்பிய கால்பந்து மைதானம் அது. வெளியே கையகலப் பச்சை கிடையாது. விடியும் முன்பே லாரி வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் விரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் கருகிப்போகும். இரண்டு பேர் உருட்டிக்கொண்டு போக, ஒருவர் முட்டிபோட்டு ஓரத்தோடு ஓரம் சேர்க்க, பின்னாலேயே இன்னொருவர் தண்ணீர் காட்ட வேண்டும். "மேஸ்திரி அந்தாண்ட போனப்ப பூட்ஸக் கழட்டிட்டு ஏறி நின்னுட்டேன்டி. மார்கழி மாசத்துல நம்ம வரப்புல நின்னாப்பல ஜில்லுனு இருந்துச்சு. அடுத்த மாசம் எங்க கேங்க்க உள்ள ஒக்கார வெச்சி ஒரு மேட்ச்சு காட்றாங்களாம், சீட்டுங்க தாங்குதான்னு பாக்கறதுக்கு. நான் போட்ட புல்லுல ஆடறத நான் பாக்கப் போறேன்" என்று சொல்லும் ஒரு குரல் என் கைப்பேசியில் இருக்கிறது. கைப்பேசியை மூன்று முறை மாற்றிவிட்டேன், ஒவ்வொரு முறையும் இந்தக் குரலைப் பத்திரமாகப் புதியதற்கு மாற்றிக்கொண்டேன். ஒரு கணவர் தன் மனைவிக்கு அனுப்பிய குரல் அது, எனக்கு அனுப்பியதல்ல. என்னிடம் எப்படி வந்தது, வந்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால், டைம் ஆபீஸ் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. பி.டி. டீச்சர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். விசில் ஊதி ஊதிக் குரல் கட்டைக்குரலாகிவிட்டது, வாயும் கொஞ்சம் நீளம். அதனாலேயே பொங்கல் பட்டிமன்றத்துக்கு ஆள் பிடிக்கிறபோது முதல் பெயராக என் பெயரை எழுதுவார்கள். எங்கள் பிளாக்கின் சமுதாயக் கூடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் அந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவர் டைம் ஆபீஸ் ஐயா. சுரங்கத்தில் வருகைக் கணக்குப் பார்க்கும் வேலை அவருக்கு. மனிதர் எதையும் நம்ப மாட்டார். ஓட்டலில் காபி வந்தால் டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் தேதியையும் கிழமையையும் காலண்டரோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் வாழ்த்துச் சொல்வார். அப்படிப் பார்த்து இரண்டு பத்திரிகைகளில் கிழமை தவறு என்று கண்டுபிடித்தும் இருக்கிறார். "அவருகிட்ட போயி இன்னைக்கு வெள்ளிக்கெழமைன்னு சொன்னா, யாரு சொன்னான்னு கேப்பாரு" என்று பிளாக்கில் கேலி பேசுவார்கள். நானும் சந்தேகப் பிராணிதான். ஆனால் நான் மனிதர்களைச் சந்தேகப்படுவேன், அவர் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார். அதுதான் எங்கள் இருவருக்கும் வித்தியாசம்.

அந்தச் சந்தேகம் அவருக்கு டோக்கனிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். விரல் வைக்கும் இயந்திரங்கள் வருவதற்கு முன்னால், வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவருக்கும் எண் வெட்டிய ஒரு பித்தளை வில்லை இருந்ததாம். இறங்கும்போது அவரவர் டோக்கனை ஆணிகள் அடித்த பலகையில் மாட்ட வேண்டும். மேலே வந்ததும் அவரவரே கழற்ற வேண்டும். நண்பன்தானே என்று ஒருவன் டோக்கனை இன்னொருவன் கழற்றிவிட்டால், உள்ளே இருப்பவன் கணக்கில் வெளியே வந்தவனாகிவிடுவான், அவனைத் தேட ஆள் போகாது. ஷிப்ட் முடிந்து ஒரு டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தால் ஐயா வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். டோக்கன்கள் வழக்கொழிந்தபோது பழைய இரும்புக்குப் போக இருந்ததில் ஒரு கைப்பிடியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு அவற்றைப் பட்டிமன்ற மேடைக்குக் கொண்டுவந்தார்.

எங்கள் பட்டிமன்றம் அதனால் வேறெங்கும் இல்லாத மாதிரி நடக்கும். மேடையில் இரண்டு அணிக்கும் நடுவே ஒரு பலகை, அதில் ஆணிகள். பேச்சாளர் சொல்லும் விஷயத்தைக் கண்ணால் கண்டவரோ, உடம்பால் பட்டவரோ யார் என்று காட்ட வேண்டும். காட்டினால் ஐயா ஒரு டோக்கனை எடுத்துக் கொடுப்பார், பேசியவர் தன் கையால் ஆணியில் மாட்ட வேண்டும். "பேப்பர்ல படிச்சேன், டிவில பாத்தேன்னா டோக்கன் கெடையாது. கண்டவன் யாரு, பட்டவன் யாரு, அதச் சொல்லு. ரெண்டும் மோதுச்சுன்னா பட்டவன் பேச்சுதான் நிக்கும்" என்பார். சிரிக்கச் சிரிக்கப் பேசிக் கைத்தட்டல் வாங்கியவர்கள் ஒரு டோக்கன்கூட இல்லாமல் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் எல்லாரும் அதைப் பெரிய நேர்மை என்று பெருமையடித்துக்கொண்டோம். அந்தப் பலகையைப் பார்த்தால் எனக்கு மட்டும் கை அரிக்கும். ஆணி காலியாக இருந்தால் எதையாவது மாட்ட வேண்டும்போல இருக்கும்.

அந்த ஆண்டு ஊரெல்லாம் அந்தப் பாலைவன நாட்டில் நடக்கப்போகும் கால்பந்துப் போட்டியைப் பற்றிய பேச்சு. எங்கள் பக்கத்திலிருந்து மைதானம் கட்டப் போனவர்கள் பலர். ஆகவே தலைப்பு அதுவே ஆயிற்று. உலகப் போட்டிகளுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே மனிதர்கள் நடத்தப்படும் விதத்தைப் பார்க்க வேண்டுமா, விளையாட்டுக்குத் தேவையானதை மட்டும் பார்த்தால் போதுமா? சீட்டுக் குலுக்கியதில் 'பார்க்க வேண்டும்' என்ற பக்கம் எனக்கு விழுந்தது. உள்ளபடி சொன்னால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. மனித உரிமை என்ற பேச்சைப் பணக்கார நாடுகள் தங்களுக்குப் போட்டி கிடைக்காதபோது மட்டும் எடுக்கின்றனவோ என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு உண்டு. ஒரு போட்டி எங்கோ ஓர் ஊருக்கு வருகிறதென்றால் அங்கே எத்தனை பெண்பிள்ளைகள் முதன்முதலாக ஷூ மாட்டுவார்கள் என்றுதான் என் புத்தி போகும். ஆனால் மேடை ஏறிவிட்டால் நம்பிக்கையா முக்கியம்? ஜெயிக்க வேண்டும். எதிர் அணியில் பேசியவர் கன்வேயர் பெல்ட் ஓட்டும் ஒரு யூனியன்காரர். போன வருஷம் என்னைத் தோற்கடித்தவர்.

எனக்குப் பட்டவர் வேண்டும். எங்கள் பள்ளியில் கான்ட்ராக்டில் பெருக்கும் ஒரு பெண்ணின் கணவர் அந்த நாட்டில் மைதான வேலையில் இருந்தார். காடாம்புலியூர்க்காரர்கள். முந்திரித் தோப்புக் கூலி கட்டுப்படியாகாமல் வடலூரில் டிராவல்ஸ் கடை வைத்திருந்த ஏஜென்ட் மூலம் போனவர். காலையில் மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவளை நிறுத்தி விசாரித்தேன். அவள் தயங்கித் தயங்கிக் கைப்பேசியை எடுத்து அந்தக் குரலைப் போட்டாள். இரண்டு நிமிடம் இருக்கும். "பாஸ்போர்ட்ட வாங்கிப் பொட்டில பூட்டிகினாங்கடி" என்று தொடங்குகிறது. ஒரு ரூமில் பத்துப் பேர் படுப்பது, வெயிலில் கம்பியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்வது, பக்கத்தில் சாரத்தில் நின்றவன் மயங்கி விழுந்தது. "மறாநாளு அவன் கட்டில்ல வேற ஆளு படுத்துகினு இருக்கான். யாரும் ஒண்ணும் கேக்கல. நானும் கேக்கல." அங்கே ஒரு மூச்சு வாங்குகிறார். பிறகு "ஆனா ஒண்ணு கேளேன்" என்று குரல் மாறுகிறது. அதற்கப்புறம் வருவதுதான் புல்.

எனக்கு அனுப்பு என்றேன். "பேரு வேணாங்க டீச்சர். நீங்க வாயால சொல்லிக்கங்க. அவரு கொரல மட்டும் மேடையில போட்டுடாதீங்க, எனக்குன்னு அனுப்புனது" என்றாள். சரி என்றேன். அவள் கான்ட்ராக்ட், நான் பர்மனென்ட். நான் கேட்டால் அவள் எப்படி மறுப்பாள்? அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை. மனித உரிமையைப் பற்றிப் பேசுவதற்குத்தான் போனேன்.

கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அந்த ஏஜென்ட் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். மைக் செட் அவர் உபயம் என்று யாரோ சொன்னார்கள். ஐயாவிடம் கைகுலுக்கிக் காதருகே ஏதோ பேசினார். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. சுவரோரமாக எங்கள் பள்ளிப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பெருக்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, ஆனாலும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

யூனியன்காரர் முதலில் பேசினார். எந்த ஊர் சுத்தம், சொல்லுங்கள் என்று ஆரம்பித்தார். உரிமையைத் தராசில் வைத்து நிறுத்துவிட்டுத்தான் ஊரைத் தேர்ந்தெடுப்பதென்றால் உலகத்தில் பந்தை வைக்க இடம் இருக்காது. பழைய பணக்காரர்கள் நாலு பேர் ஊரிலேயே எல்லாப் போட்டியும் சுற்றிச் சுற்றி நடக்கும். போட்டி வந்தால்தான் வெளிச்சம் வரும், வெளிச்சம் வந்தால்தான் அழுக்குத் தெரியும் என்றார். நல்ல வாதம், நானே மனசுக்குள் தலையாட்டினேன். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நம்ம ஸ்டேடியத்துல போன வருஷம் மாவட்ட மீட் நடந்துச்சே. ட்ராக் போட வந்த கான்ட்ராக்ட் ஆளுங்க தார்ப்பாய் கட்டிகினு பக்கத்துலயே இருந்தாங்க. வெளியூர்க்காரங்க கண்ணுல படக் கூடாதுன்னு அவங்கள மறச்சி ஒரு பச்சைத் துணி கட்டுனாங்க. கட்டுனது யாரு? நம்ம பி.டி. டீச்சர்தான். நான் பார்த்தேன். இல்லன்னு சொல்லட்டும்."

கூடம் கொல்லென்று சிரித்தது. இல்லை என்று சொல்ல முடியாது. கட்டியது நான்தான், பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டது என் கைதான். கட்டச் சொன்னார்கள், கட்டினேன். துணிக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை. ஐயா என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிந்தேன். அவர் ஒரு டோக்கனை எடுத்து யூனியன்காரரிடம் கொடுத்தார். அது ஆணியில் விழுந்த சத்தம் மைக்கில் கேட்டது.

என் முறை வந்தபோது எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அவமானம்தான் பேச வைத்தது. பட்டவரை நான் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். யார் என்றார் ஐயா. பெயர் சொல்ல மாட்டேன், குரலைக் கேளுங்கள் என்று கைப்பேசியை மைக்குக்கு நேராகப் பிடித்துவிட்டேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கூடம் அடங்கிப்போயிற்று. பாஸ்போர்ட், ரூம், கம்பி, சாரம், கட்டில். "நானும் கேக்கல" என்று வந்தது, அந்த மூச்சும் வந்தது. அடுத்து "ஆனா ஒண்ணு கேளேன்" வரப்போகிறது. அது வந்தால் புல் வரும், பெருமை வரும், சந்தோஷம் வரும். எதிரணி அதைப் பிடித்துக்கொள்ளும். என் கட்டைவிரல் திரையை அழுத்திவிட்டது.

ஐயா என் கைப்பேசியை உற்றுப் பார்த்தார். பிறகு, "அவ்வளவுதானா டீச்சர்?" என்று கேட்டார்.

"அவ்வளவுதாங்க ஐயா."

அவர் டோக்கனைக் கொடுக்க நேரம் எடுத்துக்கொண்டார். வாங்கி மாட்டினேன். ஒன்றுக்கு ஒன்று. கண்டவனுக்கும் பட்டவனுக்கும் மோதினால் பட்டவன் பேச்சுதான் நிற்கும் என்பது அவருடைய விதி, ஆகவே தீர்ப்பு என் பக்கம். போட்டி நடத்தும் ஊரைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஊரைக் கட்டுகிறவனைப் பார்க்க வேண்டும் என்று நாலு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். கைத்தட்டல். கூடத்தில் பாதிப் பேர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாள், உருகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அடுத்தவர் நெய்யை அள்ளி ஊற்றிவிட்டுக் கைமணக்க வீட்டுக்குப் போனேன்.

ஒன்பதாம் நாள் அவள் கணவரின் போன் அணைந்துபோயிற்று. பட்டிமன்ற வீடியோ டவுன்ஷிப் குரூப்களில் சுற்றி, வெளியே போய், யாரோ அந்த மைதானத்தின் பெயரையும் கீழே எழுதி ஏற்றியிருந்தார்கள். நான் பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை. ஆனால் குரல் என்பதே பெயர்தானே. அவள் என்னைத் திட்டவில்லை. தினமும் காலையில் விளக்குமாற்றை நிறுத்தி, "எதனா தெரிஞ்சுதுங்களா டீச்சர்?" என்று கேட்பாள். திட்டியிருந்தால் தேவலை.

நான் என்ன செய்தேன்? சந்தேகப்பட்டேன். ஏஜென்ட்தான் அனுப்பியிருப்பான். இல்லை, யூனியன்காரர், தோற்ற கடுப்பு. இல்லை, குரூப் அட்மின். படம் பிடித்த ஒவ்வொரு கையையும் மனசுக்குள் கொண்டுவந்து விசாரித்தேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். ஒருநாள் வடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது டீக்கடையில் ஐயாவும் ஏஜென்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஐயா ஒரு காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓட்டலில் காபி வந்தாலே வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற மனுஷன் ஏஜென்டின் டீயை எப்படிக் குடிக்கிறார்? மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் அவர் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். எத்தனைக்கு விலை போனீர்கள் என்று கேட்டேன். நாலு பேர் கேட்கத்தான் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. என்னைச் சுவரோரம் அழைத்துப் போனார். "என்னச் சந்தேகப்படுங்க டீச்சர், தப்பில்ல. முப்பது வருஷமா எல்லாரையும் சந்தேகப்பட்டுத்தான் நான் சம்பளம் வாங்கறேன். அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து சொல்லுச்சு. அது புருஷன் எந்தக் கம்பெனியில இருக்கான்னு ஏஜென்ட் கடைக்கு மூணு தடவ நடந்தேன், வாயத் தொறக்கல. டீக்கடையில ஒக்கார வெச்சித்தான் அட்ரஸ் வாங்கினேன். கலெக்டர் ஆபீஸுல மனு குடுக்கணும்னா அட்ரஸ் வேணும்ல." குரலைத் தாழ்த்தினார். "இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். அந்தக் குரல் மூச்ச உள்ள இழுத்துட்டு நின்னுது. பேச்ச முடிக்கிற மனுஷன் மூச்ச வெளிய வுடுவான். உள்ள இழுத்தான்னா இன்னும் ஏதோ சொல்லப் போறான். நீங்க அறுத்தீங்களா?"

"நான் எதுக்குங்க ஐயா அறுக்கப்போறேன்?" என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். எனக்குக் காது வரைக்கும் குறுகுறுத்தது. திரும்பி விறுவிறுவென்று நடந்துவிட்டேன். நம்மையே வேவு பார்க்கிறார், பெரிய நியாயவான், என்று வீடு வரும்வரை அவரைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் அந்தப் பலகையைக் கூடத்திலிருந்து எடுத்துத் தம் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் மாட்டிவிட்டார். யூனியன்காரரின் டோக்கனைக் கழற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார். என்னுடையது மட்டும் தொங்கியது. அடுத்த பொங்கலுக்குப் பட்டிமன்றம் நடத்தக் கூப்பிட்டவர்களிடம், "ஆளு இன்னும் மேல வரல. ஷிப்ட் முடியல. முடியாம அடுத்த ஷிப்ட் எப்படி எறக்கறது?" என்றாராம். நாடகம் என்று நான் நினைத்தேன். கடலூருக்கும் சென்னைக்கும் அவர் நடந்த நடையெல்லாம் எங்கள் பள்ளிப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு மனுவுக்கும் முத்திரை போட்ட நகல் வாங்காமல் நகர மாட்டாராம். "அந்த ஐயா கூட வந்தா ஆபீஸருங்களே பயப்புடறாங்க டீச்சர்" என்றாள். ஒன்றரை மாதம் கழித்து வேறொரு எண்ணிலிருந்து அவள் கணவர் பேசினார், உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தது. வீடு வந்து சேர மேலும் பல மாதம் ஆயிற்று. மனுவால் வந்தாரா, ஒப்பந்தம் முடிந்து வந்தாரா, இன்றுவரை தெரியாது.

வந்தவர் ஒருநாள் மனைவியை அழைத்துப் போகப் பள்ளிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்து மட்டும் கருகிப்போயிருந்தது. நான் எதிர்பார்த்த வசவு வரவில்லை. கதை சொல்கிற மாதிரி சொன்னார். "வீடியோவக் காட்டி, இது ஒன் கொரலான்னு கேட்டாங்க டீச்சர். இல்லன்னுட்டேன். மூணு தடவ போட்டுக் காட்டுனாங்க, மூணு தடவையும் என் கொரல் இல்லன்னேன். போன வாங்கிகினு வேற ஊருக்கு ரோடு போடற வேலைக்கு ஏத்திட்டாங்க. எங்க கேங்க்க மேட்ச்சு பாக்க ஒக்கார வெச்சாங்களே, அதுக்கு மூணு நாளு முந்தி." யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். "அது யாருக்குத் தெரியும், வுடுங்க" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார். "டீச்சர், முழுசாப் போட்டீங்களா?"

"போட்டேன்" என்றேன்.

"அப்ப புல்லப் பத்திச் சொன்னத எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஆள் வந்துவிட்டார் என்று ஐயாவிடம் சொல்லப் போனேன். ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்தார். திருவதிகைக்குக் குடிபோகிறாராம். பலகையைக் காட்டி, "மாட்டினவங்கதான் கழட்டணும்" என்றார். கை நீட்டினேன். "ஆளு வந்துட்டாரு, சரி. பேச்சு முழுசா வந்துடுச்சா டீச்சர்?" நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பலகையை ஆணியோடு கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். அது என் வீட்டு வராந்தாவுக்கு வந்தது. அவர் இறந்து இரண்டு வருஷமாகிறது. காரியத்துக்குப் போனபோது அவர் மகன், கடைசி நாளிலும் மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்த்துவிட்டுத்தான் விழுங்கினார் என்றார். சிரித்துக்கொண்டே அழுதோம். அவரைச் சந்தேகப்பட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எதற்கு இப்போது கேட்கிறாய் என்று அதையும் சந்தேகப்பட்டிருப்பார்.

இப்போது மறுபடி டிவியில் அந்தப் பேச்சு. அடுத்தடுத்த போட்டிகளை எந்த ஊருக்குக் கொடுப்பது, எந்த ஊருக்குக் கொடுக்கக் கூடாது என்று கோட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்து மனித உரிமை, மனித உரிமை என்கிறார்கள். அவர்கள் முன்னால் பலகை இல்லை. கண்டவன் யார், பட்டவன் யார் என்று கேட்க ஆளும் இல்லை. பட்டவனைக் கொண்டுவந்து காட்டினால் மட்டும் எனக்கு நம்பிக்கை வந்துவிடுமா? எவ்வளவு நேரம் பேசினான், எங்கே அறுத்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. போட்டி வேண்டும் என்கிறவர்கள் கட்டிலை அறுப்பார்கள். வேண்டாம் என்கிறவர்கள் புல்லை அறுப்பார்கள். நான் அறுத்தவள், எனக்குத் தெரியும்.

டவுன்ஷிப் வாசகர் வட்டம் ஒரு மலர் போடுகிறது, டைம் ஆபீஸ் ஐயாவைப் பற்றி எழுதித் தாருங்கள் என்றார்கள். டோக்கனை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத முடியாது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை விட்டுவிட்டு டோக்கனைப் பற்றி எழுத முடியாது. இந்த முறையாவது கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூருக்குப் போனேன். வீட்டு வாசலில் பலாப்பழத்தை வெட்டிச் சுளை எடுத்துக்கொண்டிருந்தார், கையெல்லாம் எண்ணெய். நின்றவாறே சொல்லிவிட்டேன். முழுசாகப் போடவில்லை. புல் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன். உங்களிடம் பொய் சொன்னேன்.

அவர் சுளை எடுப்பதை நிறுத்தவில்லை. உள்ளிருந்து அவர் மனைவிதான் பேசினாள். "எனக்கு அன்னைக்கே தெரியுங்க டீச்சர். நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். நூறு தடவ கேட்ட கொரலாச்சே, எங்க நின்னுதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க சொன்னதக் கேட்டு அவரு சந்தோசமா வந்தாரு, அதக் கெடுப்பானேன்னு வுட்டுட்டேன்." முந்தானையால் அன்று வாயைப் பொத்தியது அழுகைக்கல்ல, கத்திவிடாமல் இருப்பதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உட்காரச் சொன்னார்கள், என்னால் உட்கார முடியவில்லை.

கடைசிச் சுளையையும் எடுத்துவிட்டு அவர் தலையைத் தூக்கினார். "அங்க மூணு தடவ என் கொரல் இல்லன்னேன். சும்மா சொல்லல டீச்சர். அவங்க போட்டதக் கேட்டப்ப எனக்கே அது என்னுதா தெரியல. வீடியோ எடுத்தவன்தான் பாதியில நிறுத்திட்டான்னு நெனச்சேன். நான் அப்படி முடிக்கல." கத்தியைத் துடைத்துவிட்டு, "எழுதறதுன்னா எழுதுங்க. ஆனா புல்லப் பத்தி மொதல்ல எழுதிடுங்க. பின்னால வெச்சா அதுக்கு முன்னாடியே நிறுத்திப்புடுவீங்க" என்றார்.

முதலில் எழுதிவிட்டேன். நாளைக்கு இதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கடைசிவரை படித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்று சொன்னால் வராந்தாவில் இருக்கும் டோக்கனைக் கழற்றுவேன். சொல்லாவிட்டால் அது அங்கேயே தொங்கட்டும்.